மருந்து ஆய்வுக்குத் தன்னார்வலராகப் போனால் ஸ்கிரீனிங்கில் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வயது 26, சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் கிடையாது, நாள் தவறாமல் ஜிம்முக்குப் போகிறீர்கள். பணம் தரும் மருந்து ஆய்வில் சேரலாம் என்று கோவையில் ஒரு முறையும் சென்னையில் ஒரு முறையும் ஸ்கிரீனிங் எனப்படும் தகுதிப் பரிசோதனைக்குப் போய், இரண்டு இடத்திலும் “நீங்கள் செலக்ட் ஆகவில்லை” என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்திருக்கிறீர்கள். உங்களைவிட மெலிந்த, உடற்பயிற்சிப் பக்கமே போகாத அறை நண்பரோ இதற்குள் இரண்டு ஆய்வுகளை முடித்துவிட்டார். என்ன செய்தால் எடுத்துக்கொள்வார்கள், எதையெல்லாம் சொல்லாமல் விட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய ஆய்வு மையம் ஒன்றின் ஸ்கிரீனிங் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். கேள்வியின் முதல் பாதிக்கு என்னிடம் விடை உண்டு. மறைப்பது பற்றிய இரண்டாம் பாதிக்கு நான் உதவப் போவதில்லை. அதற்கான காரணத்தை உரிய இடத்தில் சொல்கிறேன்.

இந்தியாவில் ஆரோக்கியமானவர்களைத் தேடும் ஆய்வுகளில் மிகப் பெரும்பான்மை, எங்கள் பேச்சு வழக்கில் ‘பி.ஏ.பி.இ. ஸ்டடி’ எனப்படும் பயோஈக்விவலன்ஸ் ஆய்வுகள். ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு மருந்தை வேறொரு நிறுவனம் ஜெனரிக்காகத் தயாரிக்கும்போது, அந்த மாத்திரையும் மூல மாத்திரையைப் போலவே, அதே வேகத்தில், அதே அளவில் ரத்தத்தில் கலக்கிறதா என்பதை மனித உடலில் காட்ட வேண்டும். அதற்காக ஒரே ஆளுக்கு முதல் சுற்றில் (சுற்றைப் ‘பீரியட்’ என்போம்) ஒரு மாத்திரையும், உடலிலிருந்து மருந்து முழுவதும் வெளியேறுவதற்கான இடைவெளி கழிந்தபின் இரண்டாம் பீரியடில் மற்றொரு மாத்திரையும் கொடுத்து, குறித்த நேரங்களில் ரத்தம் எடுத்து அளக்கிறார்கள். இரண்டு மாத்திரைகளின் அளவுகளுக்கும் இடையிலான விகிதம், 90 சதவீத நம்பக இடைவெளியோடு (தற்செயல் வேறுபாட்டுக்கு இடம்விட்டுக் கணக்கிடும் எல்லை), 80 சதவீதத்துக்கும் 125 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் புதிய மாத்திரை தேறியது. இரண்டுக்கும் ஒரே உடல்தான் அளவுகோல் என்பதால், அந்த உடல் இரண்டு பீரியடிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எண்கள் ஏறி இறங்கக் கூடாது. ஆகவே ஸ்கிரீனிங்கில் தேடப்படுபவர் பலசாலி அல்லர். எந்தப் பரிசோதனையிலும் கவனத்தை ஈர்க்காத, சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமான ஆளைத்தான் தேடுகிறார்கள். உங்கள் அறை நண்பர் அப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் ஜிம்முக்கு வருகிறேன். உங்கள் இரண்டு நிராகரிப்புகளில் ஒன்றாவது அங்கிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். கல்லீரலைப் பார்ப்பதற்காகச் செய்யப்படும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகிய இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் உள்ளன. பழக்கத்துக்கு மிஞ்சிய எடையைத் தூக்கினால் தசை நார்கள் நுண்ணளவில் சிதைந்து இந்த நொதிகள் ரத்தத்தில் கசிகின்றன. அந்த ஏற்றம் ஒரு வாரம், சில நேரம் அதற்கு மேலும் நீடிக்கும். ஒரு முறை, சட்டையின் கைப்பகுதி புஜத்தில் இறுக்கிப் பிடித்திருந்த ஒரு பையன் வந்தான். அறையில் இருந்த அத்தனை பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். மறுநாள் வந்த அறிக்கையில் எஸ்.ஜி.ஓ.டி. 96. முந்தின நாள் மாலை ‘லெக் டே’ என்று பின்னர் சொன்னான். அவனுக்கு அடுத்த நாற்காலியில் அமர்ந்திருந்த, வயிறு ஒட்டிய ஆட்டோ ஓட்டுநரின் அறிக்கையில் ஒரு எண்கூட எல்லை தாண்டவில்லை. பரிசோதனைத் தாளைப் பார்க்கும் மருத்துவருக்கு அந்த 96 தசையிலிருந்து வந்ததா, கல்லீரல் அழற்சியிலிருந்து வந்ததா என்று அப்போதைக்குத் தெரியாது. தெரியாதபோது, கல்லீரல் வழியாகச் சிதையும் ஒரு மருந்தை அந்த ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதே சரியான முடிவு. சிறுநீரகத்தைப் பார்ப்பதற்காக அளக்கப்படும் கிரியேட்டினினும் இப்படித்தான்: தசை அதிகம் உள்ளவருக்கும், கிரியேட்டின் பொடி சாப்பிடுபவருக்கும் அது இயல்பாகவே மேல் எல்லையை ஒட்டி நிற்கும்; அதோடு காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்தால் எல்லையைத் தாண்டிவிடும். ஸ்கிரீனிங்குக்குக் குறைந்தது ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன்பே எடைப் பயிற்சியை நிறுத்திவிட்டு, நடையோடு இருந்து பாருங்கள். பொடிகளையும் நிறுத்துங்கள், படிவத்தில் கேட்டால் எப்போது நிறுத்தினீர்கள் என்பதை உள்ளபடி எழுதுங்கள்.

இன்னொரு காரணம் பலருக்கும் தெரியாது. ஸ்கிரீனிங்குக்கு இரவு முழுவதும் பட்டினி கிடந்து வரச் சொல்கிறார்கள். கில்பர்ட் என்று பெயர் வைக்கப்பட்டுள்ள பிறவி இயல்பு ஒன்று உண்டு. அது உள்ளவர்களுக்குப் பட்டினியின்போது, கல்லீரல் பரிசோதனையில் அளக்கப்படும் பிலிருபின் சற்று ஏறும். நூற்றில் சிலருக்கு இது இருக்கிறது, நோய் அல்ல, ஆயுளுக்கும் குறைவில்லை. ஆனால் அத்தகையவர் ஒவ்வொரு முறை பட்டினியோடு வரும்போதும் அதே எண்ணால் திருப்பி அனுப்பப்படுவார். எந்தத் தயாரிப்பும் அதை மாற்றாது. உங்களுக்கு அப்படி இருந்தால் அது தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஏனெனில் சில மருந்துகள் அத்தகையவர் உடலில் மெதுவாகவே வெளியேறும்.

எனவே முதல் வேலையாக, திருப்பி அனுப்பிய இரண்டு இடங்களுக்கும் போய் உங்கள் ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். எல்லா மையங்களும் தாமாக முன்வந்து தருவதில்லை. கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள், அல்லது மருத்துவர் அழைத்து வாய்மொழியாகச் சொல்கிறார். காரணம் தெரியாமல் மூன்றாவது இடத்தில் போய் நிற்பது பேருந்துக் காசுக்குக் கேடு. மேலும், நிராகரிப்புக்கு உங்கள் உடலோடு தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். முப்பத்தாறு பேர் தேவைப்படும் ஆய்வுக்கு எண்பது பேரைப் பார்த்து, நாற்பது பேர் தேறியதும் பட்டியலை மூடிவிடுவது வழக்கம். நாற்பத்தோராவது ஆளாகத் தேறியவருக்கும் அதே ஒற்றை வரிதான் கிடைக்கும்.

மற்றப் பரிசோதனைகளை வேகமாகக் கடந்துவிடலாம். வயது பெரும்பாலும் 18 முதல் 45 வரை. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் 18.5-க்கு மேல் இருக்க வேண்டும், மேல் வரம்பு ஆய்வுக்கு ஆய்வு மாறும். மார்பு எக்ஸ்ரே, சிறுநீர், ரத்த அணுக்கள், சர்க்கரை, இ.சி.ஜி. எல்லாம் உண்டு. ரத்த அழுத்தத்திலும் நாடித்துடிப்பிலும் நிறையப் பேர் பதற்றத்தால் தோற்கிறார்கள். மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்த மூச்சோடு கையை நீட்டாமல், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு அளக்கச் சொல்லுங்கள். அப்படி அளப்பதுதான் முறையும்கூட. ரத்தம் எடுப்பவர் உங்கள் முழங்கை மடக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘நரம்பு கிடைக்காது’ என்று எழுதுவதும் உண்டு. ஒரே நாளில் பதினைந்து முறைக்கு மேல் ரத்தம் எடுக்க வேண்டிய ஆய்வில் அது நியாயமான காரணம். தண்ணீர் நன்றாகக் குடித்திருந்தால் நரம்பு தெரியும். ஊசியைக் கண்டால் மயக்கம் வருபவர் அதை முதலிலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இ.சி.ஜி. விஷயத்தில் ஒரு சிறு விலகல். ஐதராபாத்தில் இருந்த ஓர் ஆய்வு மையத்தில், ஒருவருடைய இ.சி.ஜி. தாளையே வேறு பலருடைய பெயரிலும் சேர்த்திருந்தார்கள் என்பதை பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2014-இல் கண்டுபிடித்தார்கள். அதன் விளைவாக 2015 சனவரியில், அந்த மையத்தின் தரவுகளை நம்பி அனுமதி பெற்றிருந்த ஏறத்தாழ 700 மருந்து வடிவங்களை நிறுத்திவைக்குமாறு ஐரோப்பிய மருந்துகள் முகமை பரிந்துரைத்தது. ஸ்கிரீனிங் மேசையில் இருப்பவர் உங்கள் பெயரை மூன்று முறை கேட்டு, கைரேகை வைத்து, நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கும்போது எரிச்சல் வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் கேட்காத இடத்தைக் கண்டுதான் நான் தயங்குவேன்.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கும் ரத்தம் பார்க்கிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உங்கள் தனி ஒப்புதல் வேண்டும், முடிவை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் சட்டப்படி கட்டாயம். தனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பதை ஸ்கிரீனிங்கில்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பணம் போயிற்றே என்று முகம் சுருங்கிப் போனவர்கள், சரியான மருத்துவரிடம் போயிருந்தால், அந்த நிராகரிப்பால் கிடைத்த பயன் ஓர் ஆய்வின் பணத்தைவிடப் பெரியது. பெண்களுக்கு இவற்றோடு கர்ப்பப் பரிசோதனையும் சேரும். ஆனால் அவர்களைப் பெரும்பாலும் தடுப்பது ஹீமோகுளோபின். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு கூறுகிறது. இதை முதல் நாள் பீட்ரூட் சாறு குடித்துச் சரிசெய்ய முடியாது. இரும்புச்சத்து மாத்திரையை மருத்துவர் சொன்னபடி சில மாதங்கள் சாப்பிட்டால்தான் எண் நகரும்.

சாப்பாட்டில் கவனிக்க வேண்டியவை எங்கள் ஊர்ச் சமையலறைக்குள்ளேயே இருக்கின்றன. ஆய்வுக்காக மையத்தில் தங்க வரும் செக்-இன் நாளில் சிறுநீரில் போதைப்பொருள் பரிசோதனை செய்வார்கள். கசகசா அரைத்துவிட்ட குருமாவைச் சாப்பிட்டவருக்கு அதில் அபின் வகை ‘பாசிட்டிவ்’ என்று வரக்கூடும். கசகசா அபின் செடியின் விதை. கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படியே. கல்யாண விருந்துக்குப் போய்வந்து மறுநாள் செக்-இன்னில் விழித்தவரிடம் ‘பிரியாணியா, குருமாவா?’ என்று கேட்பது எங்கள் பிரிவில் வழக்கமான வேடிக்கையாக இருந்தது. வேடிக்கையாக இருந்தாலும் அவரை உள்ளே விட்டதில்லை. டீ, காபி, சாக்லேட், கோலா ஆகியவற்றை இரண்டு நாட்களுக்கு முன்பிருந்தும், பம்பளிமாஸையும் அதன் இனமான கிரேப்ஃப்ரூட்டையும் சில நாட்களுக்கு முன்பிருந்தும் தவிர்க்கச் சொல்வார்கள். பம்பளிமாஸில் உள்ள ஒரு பொருள், பல மருந்துகளைச் சிதைக்கும் குடல் நொதியை முடக்கிவிடுகிறது. அதனால் அதே மாத்திரை அன்று இரட்டிப்பு மாத்திரைபோல் ரத்தத்தில் ஏறலாம். புகை, ஹான்ஸ், வெற்றிலைப் புகையிலை, மது ஆகியவற்றுக்கு ஆய்வுக்கு ஆய்வு கெடு வேறுபடும். மிகவும் மறக்கப்படுவது நாட்டு மருந்து. நிலவேம்புக் கஷாயமும், லேகியமும், உடல் எடை கூடப் பாட்டி வாங்கித் தந்த சூரணமும் ‘மருந்து’ என்ற நினைப்பே யாருக்கும் வருவதில்லை. கேட்டால் “மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை சார்” என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வியைத்தான் விரித்துக் கேட்க வேண்டும். நீங்களாகவே சொல்லிவிடுங்கள். தலைவலிக்கு விழுங்கிய பாராசிட்டமாலையும் தேதியோடு சொல்லுங்கள்.

இனி மறைப்பது பற்றி. நீங்கள் எதை மனதில் வைத்துக் கேட்டீர்களோ தெரியாது. பெரும்பாலோர் மறைக்க விரும்புவது, அண்மையில் வேறோர் ஆய்வில் கலந்துகொண்டதைத்தான். ஓர் ஆய்வு முடிந்தபின் அடுத்த ஆய்வில் சேர்வதற்குப் பெரும்பாலான மையங்கள் 90 நாள் இடைவெளி கேட்கின்றன. பணத் தேவை 90 நாள் காத்திருப்பதில்லை. ஒரு முறை, இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஒருவர், தாம் எந்த ஆய்விலும் இதுவரை கலந்துகொண்டதே இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். ரத்தம் எடுக்க ரப்பர் பட்டையைக் கட்டிக் கையை வெளிச்சத்தில் திருப்பியபோது, முழங்கை மடக்கில் மஞ்சளும் பச்சையுமாக மங்கிக்கொண்டிருந்த ஒரு திட்டும், அதன் நடுவே ஆறோ ஏழோ புள்ளிகளும் தெரிந்தன. கேனுலா (அடிக்கடி ரத்தம் எடுப்பதற்காகக் கையில் செருகி வைக்கும் குழாய்) கழற்றிய தடம், பத்து நாளைக்கு மேல் ஆகியிருக்காது. எங்கே என்று கேட்டோம். வேறு ஊர் ஒன்றின் பெயரைச் சொன்னார். என்ன மருந்து என்பது அவருக்கே தெரியவில்லை. அவரைக் கடிந்து யாரும் பேசவில்லை; தேநீர் கொடுத்து அனுப்பினோம். ஆனால் அன்று தடம் கண்ணில் படாமல் போயிருந்தால், பெயர் தெரியாத ஒரு மருந்தின் மிச்சத்தின்மேல் எங்கள் மருந்தை ஊற்றியிருப்போம். ஓர் ஆய்வின் இரண்டு பீரியடிலும் சேர்த்து எடுக்கப்படும் ரத்தம் 200 முதல் 350 மில்லிலிட்டர் வரை ஆகலாம். அது கிட்டத்தட்ட ஒரு முறை ரத்ததானம் செய்வதற்குச் சமம். அடுத்தடுத்து இரண்டு இடங்களில் கொடுத்தால், அடுத்த ஸ்கிரீனிங்கில் ஹீமோகுளோபினே உங்களைக் காட்டிக்கொடுக்கும். பிரிட்டனில் இப்படி இரட்டைப் பங்கேற்பைத் தடுக்கவே ‘டாப்ஸ்’ என்ற பொதுப் பதிவேடு உள்ளது. இந்தியாவிலும் பல மையங்கள் கைரேகையைப் பொதுத் தரவோடு ஒப்பிடுகின்றன. பிடிபட்டவர் பெயர் ஒரு மையத்தோடு நிற்காது.

முன்பு வந்த வலிப்பு, ஒவ்வாமை, மஞ்சள் காமாலை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு ஆகியவற்றையும் இதே காரணத்துக்காகவே மறைக்கக் கூடாது என்கிறேன். மையத்தின் எந்தப் பரிசோதனையும் பழைய ஒவ்வாமையைக் கண்டுபிடிக்காது. அது உங்கள் வாயிலிருந்து மட்டுமே வர முடியும். மறைத்துவிட்டுத் தேர்வானால், உங்களுக்காக வைத்திருந்த ஒரே பாதுகாப்புச் சுவரை நீங்களே இடித்தவர் ஆகிறீர்கள்.

உங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், நீங்கள் மையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, பி.ஏ.பி.இ. மையம் ஒவ்வொன்றும் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும், சி.டி.-09 என்ற படிவத்தில் அந்தப் பதிவு தரப்படுகிறது. ஒவ்வோர் ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தனியாக வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அவர்களில் ஒருவர் சட்டம் தெரிந்தவர், ஒருவர் மருத்துவம் சாராத பொது ஆள், குறைந்தது ஒருவர் பெண் என்று விதி சொல்கிறது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நடத்தும் சி.டி.ஆர்.ஐ. இணையப் பதிவேட்டில், நடக்கும் ஆய்வுகளை யாரும் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். உங்கள் கையில் கொடுக்கப்படும் படிவத்தில் நெறிமுறைக் குழுவின் தலைவர் அல்லது செயலரின் தொலைபேசி எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ‘ஆள் வேண்டும்’ என்று அழைத்து, செலக்ட் ஆக்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கும் தரகரால் எவருடைய எஸ்.ஜி.ஓ.டி.-யையும் குறைக்க முடியாது. எப்படி மறைப்பது என்று சொல்லிக்கொடுக்க மட்டுமே முடியும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் தருவது அவர்கள் கடமை. நகலை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். அதில் முதலில் தேட வேண்டியது பணத்தொகை அல்ல. இந்த மருந்து மனிதர்களுக்கு இதற்கு முன் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்ற வரி. ஜெனரிக் மாத்திரை பற்றிய ஆய்வில், லட்சக்கணக்கானோர் ஏற்கெனவே விழுங்கிய மருந்தையே நீங்களும் விழுங்குகிறீர்கள். பக்கவிளைவுகள் என்னென்ன என்பது அச்சில் இருக்கிறது. மனிதனுக்கு முதன்முறையாகக் கொடுக்கப்படும் மருந்து வேறு கதை. 2006 மார்ச் 13 அன்று லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டி.ஜி.என்.1412 என்ற மருந்தைப் பெற்ற ஆறு ஆரோக்கியமான இளைஞர்களும் ஒரு நாளுக்குள் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். ஒருவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்காமலே, சில நிமிட இடைவெளியில் அடுத்தவருக்கும் மருந்தை ஏற்றியிருந்தார்கள். அவர்களுக்குப் பேசியிருந்த தொகை தலைக்கு 2,000 பவுண்டு. 2016 சனவரியில் பிரான்சின் ரென் நகரில், மனிதருக்கு முதன்முறையாக மருந்து கொடுக்கும் முதல் கட்ட ஆய்வொன்றில் ஒருவர் இறந்தே போனார். இவை அபூர்வம்தான். ஆனால் இரண்டு வகை ஆய்வுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தி ‘ட்ரையல்’ என்று தரகர் அழைக்கும்போது, எந்த வகை என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கேடு நேர்ந்தால் என்ன என்பதும் அந்தப் படிவத்தில் இருக்க வேண்டும். பங்கேற்பவருக்கு உடல்நலக் கேடு ஏற்பட்டால் இலவச சிகிச்சை தரும் பொறுப்பு ஆய்வை நடத்தச் செய்யும் நிறுவனத்துடையது. ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டுக்குச் சூத்திரமே உண்டு: அடிப்படைத் தொகை 8 லட்சத்தை வயதுக்கான காரணியாலும், நோயின் தீவிரத்துக்கான காரணியாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். இரண்டாவது காரணி, மரணத் தறுவாயில் இருக்கும் நோயாளிக்கு 0.5, ஆரோக்கியமான தன்னார்வலருக்கு 4, அதுதான் உச்சம். உங்கள் வயதுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 69 லட்சம் ரூபாய் வருகிறது. இதை ஆசை காட்டச் சொல்லவில்லை. ஆரோக்கியமான ஒருவர் தம் நோய்க்கு மருந்து தேடி அங்கே வரவில்லை, அவருக்கு இதனால் உடல்நலப் பயன் எதுவும் கிடையாது என்பதைச் சட்டம் எப்படி எடை போட்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் முந்தைய ஆய்வை மறைத்தவருடைய வழக்கில், கேடு எந்த மருந்தால் வந்தது என்ற கேள்வி எழும்போது அந்தச் சூத்திரம் எளிதில் கைகொடுக்காது.

பங்கேற்பதற்கான தொகைக்கு நெறிமுறைக் குழுதான் ஒப்புதல் தருகிறது. எத்தனை இரவு தங்குகிறீர்கள், எத்தனை முறை ரத்தம் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது அமையும்; ஆபத்துக்கு விலையாக அதை உயர்த்துவதற்கு இடமில்லை. யோசிக்கவிடாத அளவுக்குப் பெரிய தொகையைத் தூண்டில் என்றுதான் நெறிமுறைகள் பார்க்கின்றன. எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். ஆய்வோடு தொடர்புடைய உடல்நலக் காரணத்துக்காக உங்களை அவர்களே விலக்கினால் முழுத் தொகையும், வேறு காரணத்தால் நீங்கினால் பங்கேற்ற அளவுக்கு உரிய தொகையும் தருவது ஐ.சி.எம்.ஆர். நெறி. இந்தத் தொகை எப்போது, எத்தனை தவணையில் வரும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பகுதி கடைசியில்தான் வரும். அடுத்த வாரம் வாடகை கட்ட வேண்டியவருக்கு இது ஏற்ற வழியல்ல.

தேர்வான பிறகும் ஒரு கண்டம் உண்டு. யாராவது கடைசி நேரத்தில் விலகினால் ஈடுகட்டுவதற்காக ஓரிருவரைக் கூடுதலாகச் செக்-இன் செய்வார்கள்; அவர்களுக்கு ‘ஸ்டாண்ட்-பை’ என்று பெயர். இரவு தங்கி, காலையில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து முடிந்ததும், ஒரு சிறு தொகையோடு வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். நீங்கள் அந்த இடத்தில் இருக்கிறீர்களா என்று முன்கூட்டிக் கேட்பதில் தவறில்லை. மருந்து கொடுக்கும் காலை நேரம் பெரிதாக ஒன்றுமில்லை: பத்து மணி நேரப் பட்டினிக்குப் பின், 240 மில்லிலிட்டர் தண்ணீரோடு மாத்திரை, ஒருவர் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொல்லி வாய்க்குள் பார்ப்பார், கைகளை விரிக்கச் சொல்வார், அதன்பின் நான்கு மணி நேரம் சாப்பாடு கிடையாது, படுக்கவும் விடமாட்டார்கள். சாப்பாட்டுக்குப் பின் மருந்து கொடுக்கும் ஆய்வென்றால், வெண்ணெயும் எண்ணெயும் மிகுந்த 800 முதல் 1,000 கலோரிக் காலை உணவை முப்பது நிமிடத்துக்குள் தட்டில் மிச்சமில்லாமல் சாப்பிட்டாக வேண்டும். சைவ உணவுக்காரர் இதை ஸ்கிரீனிங்கிலேயே கேட்டுவிடுவது நல்லது. தட்டைப் பார்த்தபின் மறுத்தால் அவரோடு சேர்ந்து ஒரு இடமும் வீணாகிறது.

கடைசியாக, இரண்டாம் பீரியட் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டே ஒப்புதலில் கையெழுத்திடுங்கள். அந்தத் தேதியில் அக்கா கல்யாணமோ தேர்வோ இருந்தால் இந்த ஆய்வை விட்டுவிட்டு அடுத்ததற்குப் பதிவு செய்யுங்கள். பாதியில் நின்றவரின் முதல் பீரியட் ரத்தம் ஒப்பிட இரண்டாம் பீரியட் ரத்தம் இல்லாமல் வீணாகும், அவரை அடுத்த முறை அழைக்க மையம் யோசிக்கும். எல்லாம் முடிந்தபின் செய்யப்படும் இறுதி ரத்தப் பரிசோதனைக்கும் தவறாமல் போங்கள். பணம் கைக்கு வந்துவிட்டால் பலர் அதற்கு வருவதில்லை. ஆனால் கல்லீரல் எண்கள் இரண்டு வாரம் கழித்து ஏறியிருந்தால் அதைக் காட்டக்கூடிய ஒரே தாள் அதுதான். அதன் நகலை உங்கள் முதல் ஸ்கிரீனிங் அறிக்கையோடு சேர்த்து ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.